நெஞ்சுக்கு இரண்டு சொல்

திங்கட்கிழமை என்றால் எங்கள் ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி. வாசலில் செருப்புக் கழற்றி வைக்க இடம் இருக்காது. அன்றும் அப்படித்தான். டெற்றோல் மணம், நனைந்த குடைகளின் மணம், கரையில் இருந்து நேரே வந்தவர்களின் மீன் மணம். மேலே இருந்த மின்விசிறி சத்தம் போட்டதே தவிரக் காற்றுத் தரவில்லை.

டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நான் நின்றேன். எனக்குக் கதிரை இல்லை. சிற்றூழியருக்குக் கதிரை போடும் வழக்கம் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஆனாலும் நான் இல்லாமல் அந்த மேசையில் வேலை நடக்காது என்பது எனக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். அவர் தெற்கில் இருந்து முதல் நியமனத்தில் வந்த சிங்கள இளைஞர். ‘வணக்கம்’, ‘வாங்கோ’, ‘மருந்து’ என்ற மூன்று சொல்லோடு வந்து இறங்கியவர். மிச்சத் தமிழ் முழுவதும் நான்தான்.

திரேசம்மா அக்கா வந்து ஸ்டூலில் அமர்ந்தார். கொக்கிளாய்க் களப்புக் கரையைச் சேர்ந்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. முகம் முழுக்க வியர்த்திருந்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்ன செய்யுது அக்கா?”

“நெஞ்சுக்கை கல்லைத் தூக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு தம்பி. விடியத் தொடக்கம்.”

நான் டொக்டரின் பக்கம் திரும்பினேன். யோசிக்கவே இல்லை. மகன் வெளிநாடு போய்விட்டான், அதுதான் மனம் பாரமாக இருக்கிறதாம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் நல்ல மனிதர், அதோடு விடவில்லை. நோ, வலி ஏதும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

“நோகுதோ அக்கா?”

“நோ எண்டு சொல்ல ஏலாது தம்பி. பாரம்.”

“நோ இல்லையாம் சேர்” என்றேன்.

டொக்டர் பிறஷர் பார்த்தார். கொஞ்சம் கூட இருந்தது. கவலைப்படுகிறவர்களுக்குக் கூடத்தான் செய்யும். வாயுக்கு ஒரு குளிசை, சத்துக்கு ஒரு குளிசை என்று எழுதிக் கொடுத்து, நன்றாக நித்திரை கொள்ளச் சொல்லு என்றார். அதை மட்டும் நான் அச்சொட்டாகத் தமிழில் சொன்னேன். அக்கா மருந்துத் துண்டை வாங்கி இரண்டாக மடித்து, “போயிட்டு வாறன் தம்பி” என்று எழும்பிப் போனார். எல்லாம் மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

மாவோடு பிசைந்த சிங்களம்

‘ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் கமக்காரன் வீட்டில் பிறந்தவருக்குச் சிங்களம் எங்கே வந்தது?’ என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் வரவில்லை. அங்கே எனக்குத் தமிழ் இலக்கணமே அரைகுறையாகத்தான் வந்தது.

அனுராதபுரம் பக்கம் ஒரு பேக்கரியில் சில வருடம் வேலை செய்தேன். முதலாளியில் இருந்து போறணைக்கு விறகு தள்ளுகிறவர் வரை எல்லோரும் சிங்களவர்கள். தமிழில் பேசினால் பதில் சொல்ல ஆள் இல்லை. பசி எடுத்தால் சிங்களத்தில்தான் சொல்ல வேண்டும். அப்படி இருந்தால் மூன்று மாதத்தில் எந்தப் பாஷையும் வாய்க்கு வரும். முதலில் ஏச்சு வந்தது, பிறகு பகிடி வந்தது, கடைசியாகத்தான் மரியாதைச் சொற்கள் வந்தன.

ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்த போது இந்தச் சிங்களம் எனக்கு ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. தள்ளுவண்டி தள்ளவும் தரை கழுவவும் எடுத்தவனை டொக்டர்மார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “சிவம் எங்கே? சிவத்தை வரச் சொல்லு.” தாதிமாரே என்னைத் தேடி வருவார்கள். நடப்புக் கொஞ்சம் தலைக்கு ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டிருந்தால் அடித்துச் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன்.

உருத்திரபுரத்தில் இருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் ஒருநாள் வந்தார். முழங்கால் நோ. டொக்டர் என்ன என்று கேட்க, அவர் வாய்க்காலில் தண்ணீர் திறந்த நாளில் தொடங்கினார். பக்கத்து வயல்காரன் மடையை மாற்றிக் கட்டியது, மருமகன் கேட்காமல் உழவு இயந்திரத்தை இரவல் கொடுத்தது, மாடு கயிறு அறுத்துக்கொண்டு ஓடியது, பின்னால் தான் ஓடியது எல்லாம் வந்தது. பத்து நிமிடம் இருக்கும். முடிந்ததும் நான், “முழங்கால் நோ, மூன்று கிழமை” என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “உன்னை மாதிரி ஒருவர் எல்லா மேசைக்கும் வேண்டும்” என்றார். அந்தப் பாராட்டைக் கிழமைக் கணக்கில் மென்றுகொண்டு திரிந்தேன். நோயாளி சொல்வது ஒன்று, சொல்ல வருவது ஒன்று, சொல்ல வருவதைப் பிடித்துக் கொடுப்பவன்தான் கெட்டிக்காரன் என்று மற்றச் சிற்றூழியர்களுக்கும் வகுப்பு எடுத்தேன்.

பஸ்ஸில் கேட்ட கதை

திரேசம்மா அக்காவின் மகன் கட்டாருக்குப் போன கதை அவர் ஸ்டூலில் அமர்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். கொக்கிளாய் வீதியில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தேன். காலையில் அந்தப் பக்கம் இருந்து வரும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். அன்றும் அதே பஸ்ஸில் அவர் வந்தார். பின் சீற்றில் இருந்த இரண்டு பெண்கள் ஊர்க் கதை முழுவதையும் இறக்கினார்கள்.

கணவர் கடலோடு போய்ப் பல வருடம். ஒரே பிள்ளை யூட். அவனுக்குத் தோணியும் வலையும் பிடிப்பில்லை, கிளிநொச்சியில் குளிரூட்டி திருத்துகிற வேலை படித்துச் சான்றிதழ் எடுத்து வைத்திருந்தான். கட்டாருக்கு விசா வந்துவிட்டது. தாய் மூன்று நாள் கதைக்காமல் இருந்து பார்த்தார். பிறகு கோயிலில் பூசை கொடுத்து அனுப்பி வைத்தார். அவன் போய் ஒரு கிழமை.

“பாவம், சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடக்குது மனுசி” என்றாள் ஒருத்தி. முன் சீற்றில் தலையைச் சாய்த்து இருந்த அக்காவை நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் நெஞ்சு என்றால் நெஞ்சுதான். எலும்பும் நுரையீரலும் இருக்கிற இடமும் அதுதான், கவலை வந்தால் அடைக்கிற இடமும் அதுதான். நெஞ்சு இடித்தாலும் நெஞ்சு உருகினாலும் நமக்கு ஒரே சொல். சிங்களத்தில் அப்படி முடியாது. உடம்பில் இருக்கும் நெஞ்சுக்குப் ‘பப்புவ’ என்று ஒரு சொல். மனதுக்கு ‘ஹித’ என்று வேறு சொல். தமிழில் இருந்து சிங்களத்துக்குப் போகிறவன் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைப் பொறுக்கத்தான் வேண்டும்.

அந்தக் காலையில் நான் ஹித என்ற சொல்லைப் பொறுக்கினேன். அரைகுறையாகத் தமிழ் படித்த ஒரு வெளியூரான் என் இடத்தில் நின்றிருந்தால் அகராதியைப் பார்த்துப் பப்புவ என்றே சொல்லியிருப்பான். தமிழ் நன்றாகத் தெரிந்ததால்தான் நான் பிழைவிட்டேன். நெஞ்சில் கல் என்று ஒரு தாய் சொன்னால் அது கவலை என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை

மறுநாள் பதினொரு மணி போல ஒரு ஓட்டோ வாசல் வரைக்கும் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் திரேசம்மா அக்காவைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தள்ளுவண்டியைக் கொண்டு ஓடியவன் நான்தான்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டொக்டர் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேற்றோ முந்தாநாளோ வந்த மாரடைப்பு என்றார். அம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. அம்புலன்ஸ் போன பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நேற்று அவர் என்ன சொன்னார்?”

“மனம் பாரமாக...”

“அதை நீ சொன்னாய். அவர் என்ன சொன்னார்? சொல்லுக்குச் சொல் சொல்லு.”

நான் சொன்னேன். நெஞ்சுக்குள் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி. விடியற்காலையில் இருந்து. நோ என்று சொல்ல முடியாது. பாரம். இந்த முறை பப்புவ என்ற சொல் தானாகவே வந்தது.

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். “எங்கள் புத்தகத்தில் இந்த வசனம் அப்படியே இருக்கிறது” என்றார். “நெஞ்சில் பாரமான ஒன்றை வைத்தது போல. முதல் வருடமே படிப்போம். நீ இதைச் சொல்லியிருந்தால் நான் நேற்றே ஈ.சி.ஜி. எடுத்திருப்பேன்.”

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. வியர்த்ததைத் தானும் கவனித்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். நான் வெளியே வந்து, கழுவிய தரையை இன்னொரு தடவை கழுவினேன்.

கெட்டிக்காரன் ஆனது

அக்கா தப்பிவிட்டார். ஆனால் இருதயத்தில் ஒரு பகுதி செயல் இழந்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, மீன் பெட்டி சுமக்கக் கூடாது, மாதம் ஒருமுறை எங்கள் கிளினிக்குக்கு வர வேண்டும்.

யூட் இரண்டு மாதத்தில் கட்டாரில் இருந்து திரும்பி வந்துவிட்டான். ‘மகன் போன கவலையில் தாய்க்கு நெஞ்சு வெடித்துவிட்டது’ என்று ஊர் முழுக்கக் கதை. நான் ஆஸ்பத்திரியில் சொன்னது தெருவுக்கு வந்ததா, தெருவில் இருந்ததை நான் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனேனா, தெரியவில்லை. அவன் தகப்பனின் தோணியைத் திருத்திக் களப்பில் இறக்கினான். பிடிப்பில்லாத வேலையைப் பிழையில்லாமல் செய்தான் என்று கேள்வி.

இந்தப் பிழையால் நான் மாறினேன் என்பது உண்மை. அடுத்த நாளில் இருந்தே மாறினேன். நோயாளி பத்து நிமிடம் பேசினால் பத்து நிமிடமும் மொழிபெயர்த்தேன். மடை கட்டியதும் மாடு ஓடியதும் எல்லாம் டொக்டரின் காதுக்குப் போனது. டொக்டர்மார் முதலில் பொறுமை இழந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த கதை எதையும் சேர்க்க மாட்டேன். நெஞ்சு என்று யாராவது சொன்னால், “கையை வைச்சுக் காட்டுங்கோ” என்பேன். கை எங்கே போகிறதோ அந்த இடம்தான் சொல்.

ஒருநாள் விசுவமடுப் பக்கத்துக்காரர் ஒருவர், “கை விறைக்குது, ஆனால் அது கூலிவேலை செய்யிற கைதானே” என்றார். பின்பாதியையும் சேர்த்து அப்படியே சொன்னேன். டொக்டர் அந்தப் பின்பாதியைக் கேட்டுத்தான், வேலை செய்யும் போது மட்டுமா விறைக்கிறது என்று விசாரித்து, இருதயத்துக்குச் சோதனை எழுதினார். அந்த மனிதர் இன்றைக்கும் நடமாடுகிறார். இப்படி இன்னும் சிலர் உண்டு.

மேலிடத்துக்கு என் பெயர் போனது. புதிதாகச் சேருகிற ஊழியர்களுக்கு மொழிபெயர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க என்னை அழைத்தார்கள். சட்டை அயர்ன் பண்ணி, கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். இம்முறை கதிரையும் போட்டிருந்தார்கள். ‘ஒரு நோயாளி இருந்தார்’ என்று தொடங்கி, நெஞ்சு, ஹித, பப்புவ என்று எழுதிக் காட்டுவேன். வகுப்பு மூச்சு விடாமல் கேட்கும். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூடப் பழகிவிட்டேன்.

அந்த நோயாளியோ மாதா மாதம் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். வரும் போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவார். காய்ந்த றால், அல்லது உப்புப் போட்ட திரளி மீன். “இந்தத் தம்பிதான் எனக்காக டொக்டரோடை கதைச்சது” என்று வாங்குப் பலகையில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நான் சிரித்துக்கொண்டு பொட்டலத்தை வாங்குவேன். வாங்காமல் விட்டால் ஏன் என்று கேட்பாரே.

பின்வரிசைக் கேள்வி

ஒரு வகுப்பில் பின்வரிசையில் இருந்து ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள். வவுனியாக்காரி.

“சேர், அந்த அம்மாவுக்கு இதைச் சொன்னீங்களோ?”

“எதை?”

“நீங்கள் பிழையாச் சொன்னதை.”

வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். அதற்கு முந்தின வகுப்பில் இன்னும் கூட. அத்தனை பேருக்கும் சொன்னதைச் சொல்ல வேண்டிய ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை. “நேரம் போச்சுது பிள்ளை, அடுத்த பாடத்துக்குப் போவம்” என்று கரும்பலகையை அழித்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே கொக்கிளாய்க்குப் பஸ் ஏறினேன்.

திரேசம்மா அக்கா வாசலில் ஓலைப் பாயில் இருந்து சின்ன றால் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். யூட் களப்புக்குப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். வேண்டாம் என்று நானும் பாயின் ஓரத்தில் இருந்தேன். தேத்தண்ணி வேண்டாம் என்றேன். ஊர்ப் புதினம் இரண்டு சொன்னேன். அதற்கு மேல் சுற்ற வழி இல்லை.

“அக்கா, முதல் நாள் நீங்கள் வந்தபோது டொக்டரிட்டை நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவர் றாலின் தலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டார்.

“தெரியும் தம்பி.”

“என்ன தெரியும்?”

“ஹித எண்டெல்லோ சொன்னனீ. பப்புவ எண்டு சொல்லியிருக்க வேணும்.”

“சிங்களம் தெரியுமோ உங்களுக்கு?”

“கதைக்க வராது. விளங்கும். மீன் எடுக்க லொறியோடை வாறவை முழுக்கச் சிங்கள ஆக்கள்தானே. இத்தனை வரியம் அவையளுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டிக் குடுத்த எனக்கு இந்த ரெண்டு சொல்லும் தெரியாதே?”

“அப்ப ஏனக்கா வாயைத் திறக்கேல்லை?”

“எப்பிடித் திறக்கிறது? டொக்டர் உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அத்தினை சனம் வாங்கிலை இருக்குது. தம்பி பிழை சொல்லுது எண்டு நான் சொன்னால் உனக்கு என்ன மரியாதை?” இன்னொரு றாலின் தலையைக் கிள்ளினார். “அதோடை, நீ சொன்ன பிறகு எனக்கும் யோசனை வந்திட்டுது. ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற பிள்ளை, கவலை எண்டு சொல்லுது. கவலையாத்தான் இருக்குமாக்கும் எண்டு வீட்டை வந்து படுத்திட்டன்.”

நான் அழுதேன். நாற்பது வயது தாண்டிய மனிதன், றால் கோதுகளுக்கு முன்னால் இருந்து அழுதேன். அந்த மேசையில் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன்! வந்திருப்பவருக்கு நான் தேவையா என்று ஒருவரிடமாவது கேட்டதில்லை. ‘உங்களுக்குச் சிங்களம் விளங்குமோ?’ என்று ஒரு கேள்வி. கேட்டிருந்தால் அவரே தலையாட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருப்பார். அறுபது பேருக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பாடத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

“யூட்டுக்கும் நான் சொல்ல வேணும் அக்கா. தான் போனதாலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்.”

அக்காவின் கை நின்றது.

“சொல்லாதை.”

“ஏன்?”

“அப்பிடி நினைச்சுத்தான் வந்தவன். இல்லையெண்டு தெரிஞ்சால் திரும்பவும் வெளிக்கிட்டிடுவான்.” ஒருக்கால் மூச்சு வாங்கினார். “எனக்கு அவனை விட்டால் ஆர் இருக்கினம்? நான் கண்ணை மூடுமட்டும் சொல்லாதை தம்பி. பிறகு உன்ரை விருப்பம்.”

ஓம் என்று தலையாட்டினேன். அவருக்கு நான் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுப்பது போல இருந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

வேலிக்கரையில்

அதற்குப் பிறகு அக்கா சில வருடம் இருந்தார். யூட்தான் மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு ஏற்றி வருவான். தாய் உள்ளே இருக்க, அவன் ஆஸ்பத்திரி வேலிக்கரையில் நிற்பான். கையில் வலை அறுத்த தழும்புகள். ஆஸ்பத்திரியின் குளிரூட்டி பழுதாகிச் சத்தம் போட்டால் அவன் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். “அது காஸ் குறைஞ்ச சத்தம் அண்ணை” என்பான்.

ஒருமுறை அவனே கேட்டான். “நான் போகாமல் இருந்திருந்தால் அம்மா இப்பிடி ஆகியிருக்க மாட்டா, என்ன அண்ணை?”

“எல்லாம் விதி தம்பி” என்றேன்.

விதி என்ற சொல்லை நான் அதற்கு முன் வேறு யாருக்கும் பயன்படுத்தியதாக நினைவில்லை. கட்டாரில் அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார்கள் என்று ஒருநாள் போனில் படம் காட்டினான். பொறாமை இல்லாமல்தான் காட்டினான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது போலக் குனிந்து நின்றேன். கட்டிப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. உள்ளே இருந்து அக்கா வரும் காலடி கேட்டது.

முப்பத்தோராம் நாள்

திரேசம்மா அக்கா கடந்த பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்தது. யூட் கரைக்குப் போய்த் தோணியில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். வெயில் தாழ்ந்திருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

முன்னுரை ஒன்றும் வைக்கவில்லை. ஸ்டூலில் தாய் அமர்ந்ததில் இருந்து ஈ.சி.ஜி. கடதாசி வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு சொல்லையும் சொன்னேன். அவன் இறைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் வாளியைத் தோணிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் கோபம் ஏதும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“அம்மாவுக்கு இது தெரியுமோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். செத்துப்போன தாயைப் பிள்ளையின் கண்ணில் நல்லவராகவே விட்டுவைப்பது பெரிய பாவம் இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு எது நல்லது என்று நானே முடிவு எடுத்துப் பேசியது ஒரு முறை போதும்.

“தெரியும்” என்றேன். “என்னைச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவா.”

“எப்பிடிச் சொன்னவா?”

“என்ன?”

“அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்கோ அண்ணை.”

சொன்னேன். அப்பிடி நினைச்சுத்தான் வந்தவன். இல்லையெண்டு தெரிஞ்சால் திரும்பவும் வெளிக்கிட்டிடுவான். எனக்கு அவனை விட்டால் ஆர் இருக்கினம். நான் கண்ணை மூடுமட்டும் சொல்லாதை. ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அக்கா மூச்சு வாங்கிய இடத்தில் நானும் நிறுத்தினேன்.

யூட் தோணியின் விளிம்பில் இருந்தான். நான் நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“அப்ப நான் திரும்பிப் போயிருக்கலாம், என்ன அண்ணை?” என்றான்.

ஓம் என்றேன்.